பட்டாசலில் மிதந்த செடி

இப்போது உள்ள ஆட்களின் போக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுவரை எழுப்புகிறான். எழுப்பிவிட்டு, எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஆளே இல்லாமல் பேசிக்கொண்டு போகிறான். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீரைப் பாட்டிலில் வாங்குகிறான். அதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாசியையும் செடியையும், அதுவும் தண்ணீரில் மிதக்கிற சவத்துக் களையை, கடையில் விலைக்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் இந்தச் சனத்தோடு நமக்கு இனி ஒத்துவராது என்று பட்டது.

ஏனென்றால் நான் அதோடு மல்லுக்கட்டின ஆள். என் பேர் அம்மையப்பன். ஊர் அம்பாசமுத்திரம். வாய்க்காலில் அமலைச் செடி, அதான் ஆகாயத்தாமரை, வாருவதுதான் எனக்கு முக்கால்வாசி ஆயுசுக்கும் வேலை. கொழுத்த தண்டு, ஊதாப் பூ, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு மூலையில் ஒன்று நுழைந்தால் போதும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாதபடி மூடிவிடும். கழுத்தளவு தண்ணீரில் நின்று அறுத்து, கரைக்கு இழுத்துப் போட்டு, வெயிலில் காயவைத்துத் தீயும் வைப்போம். அடுத்த நடவுக்குள் திரும்ப வந்து நிற்கும், நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

என் பெண்டாட்டி தனலட்சுமி பீடி சுற்றினவள். பாவாடை கட்டின வயசில் தொடங்கினது. போன வருஷம் இருமல் கூடி, ஆஸ்பத்திரிக்குப் போனால், புகையிலைத் தூசி இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டாள். ஆனால் விரல் விடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது காற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சோறு இறங்கவில்லை. கூரையில் உட்காருகிற காக்காயைக்கூடத் திட்டினாள்.

"நான் திரும்பப் பீடிக்கே போறேன்," என்பாள். "இருமிச் செத்தாலும் கையில வேலையோட சாவேன்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் கலைச்செல்வி வந்தாள். திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதோடு ஒரு மோட்டார், பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன். பட்டாசலில், அதான் முன்னறையில், வாசலுக்கு நேரே, முக்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

"மீன்னா குழம்புல கிடக்கணும்," என்று நான் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

நீலக் குராமியாம். ஒன்று ஆண், ஒன்று பெண். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். நெஞ்சுக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு மீசை. எதைக் கண்டாலும் அந்த நூலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். தனலட்சுமிக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. "பீடி நூலு மாதிரி இல்ல?" என்றாள். காக்காயைத் திட்டுவது நின்றது. சோறும் இறங்கியது.

கொஞ்ச நாளில் ஆண் மீன் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயால் நுரை விட ஆரம்பித்தது. மீன் கடைக்கார ஜாபேசுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அது கூடு கட்டுகிறது, பெண் முட்டை விட்டால் ஆண் அதைக் கவ்வி அந்த நுரைக்குள் வைக்கும், ஆனால் நுரை நிற்பதற்கு மேலே மிதக்கிற செடி ஏதாவது வேண்டும் என்றானாம். எங்கள் தொட்டியில் ஒன்றும் இல்லை. ராத்திரி கட்டின நுரை விடிந்தால் இருக்காது. பெண்ணுக்கோ வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. தனலட்சுமி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், மச்சில் கிடந்த சொளவு கீழே வந்திருக்கிறது. சொளவு என்றால் பீடி சுற்ற மடியில் வைக்கிற முறம். தூசி தட்டித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?"

"இந்த மீனு குஞ்சு பொரிக்கும்னு நெனச்சேன். பொரிக்காது போல. எனக்கு எதுவும் கைகூடாது. மும்தாஜ் கூடவே போய் உக்காந்துருதேன்."

மும்தாஜ் பேகம் தெருக்கோடியில் இருக்கிறாள், இவளோடு சின்ன வயசிலிருந்து சேர்ந்து பீடி சுற்றுகிறவள். இருமலைச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளப் போகிறாள். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஜாபேஸ் கடைக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னக் கடை. ஆள் நடுவயசு. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஸ்டூல் போடுகிற கடைக்காரனை நான் நம்புவதில்லை. நின்றுகொண்டேதான் பேசினேன்.

"தொட்டி எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"பட்டாசல்ல."

"வெளிச்சம் வருமா?"

"வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பக்கத்துல மணிராஜ்னு ஒருத்தன் இருக்கான். அவன் சுவரை இடிச்சா திரும்ப வரும்."

"அப்போ இருட்டு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நாலு வாளியை இழுத்து முன்னால் வைத்தான்.

முதல் வாளியில் முட்டைக்கோஸ் மாதிரி கொழுகொழுவென்று விரிந்த செடி. "இது வெயில் கேக்கும்," என்றான். அடுத்ததில் வேரெல்லாம் சிவப்பாக ஒன்று. "வெளிச்சம் இல்லைன்னா செவப்பும் இருக்காது, செடியும் இருக்காது." மூன்றாவதில் கடுகு மாதிரிப் பச்சைப் பொடி. "இருட்டுலயும் வரும். ஆனா ஒருவாட்டி விட்டா, நீங்க வீடு மாறினாலும் கூடவே வரும்." கடைசி வாளியில் சின்னச் சின்ன இலை, சோடி சோடியாக, மேலெல்லாம் பூனைமயிர் மாதிரி முளைத்து. "சால்வினியா. உங்க வீட்டுக்கு இதுதான். பைய வரும், ஆனா நிக்கும்."

கடைக்காரன் ஒன்றைத் தள்ளித் தள்ளிக் காட்டுகிறான் என்றால் அதுதான் விற்காமல் கிடக்கிற சரக்கு. எனக்குத் தெரியாதா?

"அந்த முட்டைக்கோஸைக் கட்டு," என்றேன்.

"அண்ணாச்சி, அது வெயில்..."

"காசு என்னோடது தானே?"

கட்டிக் கொடுத்தான்.

தனலட்சுமிக்கு முகமெல்லாம் பல். செடியைப் பூப்போல எடுத்து விட்டாள். அன்றையிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலை, செம்பில் தண்ணீர் மோந்து, விரலால் உதறி உதறி இலைமேல் தெளிப்பாள். மோட்டார் வேறு ஒரு பக்கம் சளசளவென்று தண்ணீரை மேலே கொப்பளித்துக்கொண்டு இருக்கும். பீடி இலை காய்ந்தால் சுற்றும்போது ஒடியும், அதனால் எந்நேரமும் ஈரத்துணிக்குள் வைத்துத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இலை என்று ஒன்று கண்ணில் பட்டால் அவள் கை செம்பைத் தேடும். அது நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் முட்டைக்கோஸ் நடுவில் கறுத்து, கொழகொழத்து, நாற்றம் எடுத்தது.

நான் நேரே மணிராஜ் வீட்டுக்குப் போனேன். துபாய்க்குப் போய்விட்டு வந்து, எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே இருக்கிற முடுக்குச் சந்தை ஒட்டி மாடி எழுப்பினவன்.

"ஏலே, உன் சுவரு என் செடியைக் கொன்னுட்டு."

அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். துப்பிவிட்டு வந்தான். "என்ன செடி மாமா? முருங்கையா?"

"மீன் தொட்டியில மிதக்குத செடி."

அவன் முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். பல்பொடியோடு முழுங்கினான். "மாமா, சுவரை இடிக்கச் சொல்லாதீங்க. உங்க பக்கம் வெள்ளை அடிச்சுத் தாறேன். வெளிச்சம் தெறிச்சு உள்ள வரும்."

"எப்போ?"

"ஆள் கிடைக்கணும்லா."

இப்போது உள்ள ஆட்கள் சொல்கிற பதில் இதுதான். நான் திரும்பி வந்தேன்.

வரும் வழியில் ஒரு யோசனை. கடைச் செடி சொகுசாக வளர்ந்தது, அதனால் செத்தது. சாகவே தெரியாத செடி ஒன்று எனக்குத் தெரியும். வாய்க்காலுக்குப் போய், தண்ணீருக்குள் இறங்கி, இளசாக இரண்டு அமலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஆயுசு முழுக்கக் கரைக்குத் தூக்கி எறிந்ததை வீட்டுக்குள் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். வழியில் தெரிந்த முகம் ஒன்றும் எதிர்ப்படவில்லை, நல்ல வேளை.

"இதையா?" என்றாள் தனலட்சுமி.

"இதைக் கொல்ல மனுசனால முடியாது. நான் முயற்சி பண்ணின ஆளு."

தொட்டியில் விட்டோம். அவள் செம்பை எடுத்தாள்.

மூன்றாம் நாளே இலை மஞ்சள் அடித்தது. அப்புறம் தண்டு மெத்துமெத்தென்று ஆனது. அந்த வாரக் கடைசியில் இரண்டும் குப்புற விழுந்து கிடந்தன. நான் வெகுநேரம் தொட்டிக்கு முன்னால் நின்றேன். அமலை தானாகச் செத்ததை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அரிவாள் தேய்ந்து, இடுப்பு தேய்ந்து எங்களால் ஆகாததை என் பெண்டாட்டி முக்காலியில் வைத்தே முடித்துவிட்டாள். வாய்க்காலுக்குப் போய் மற்ற செடிகளிடம் இதைச் சொல்லிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது. துக்கப்படுவதா சந்தோஷப்படுவதா தெரியாமல் சிரித்துவிட்டேன்.

"சிரிங்க," என்றாள் அவள். "அது வயித்தைத் தூக்கிக்கிட்டு அலையுது. உங்களுக்குச் சிரிப்பு."

சொளவு இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கியது.

திரும்ப ஜாபேஸ் கடை. ஸ்டூலைப் போட்டான். இந்தத் தடவை உட்கார்ந்தேன்.

"அந்த மயிர் முளைச்சதைத் தா."

"அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி?"

"சொன்னே. சொல்லுதவன் எல்லாம் உண்மையா சொல்லுதான்?"

சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தான். கூடவே ஒரு வழியும் சொன்னான்: ஜூஸ் குடிக்கிற குழாயை வளைத்து வளையமாகக் கட்டி மிதக்கவிட்டு, அதற்குள் செடியை விட்டால் ஓடிப்போகாது. தனலட்சுமி பழைய பெட்டியைத் திறந்து பீடி நூலை எடுத்தாள். குழாயை வளைத்து, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, நுனியை நகத்தால் உள்ளே தள்ளினாள். எனக்குப் பிடித்துக்கொண்டிருக்கக்கூட நேரம் இல்லை. கை எவ்வளவு நாளைக்கப்புறம் சரியாக ஒரு வேலையைப் பார்க்கிறது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் அதுவும் இரண்டு நாளில் ஓரம் பழுக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் களக்காட்டில் அவள் தங்கச்சி ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. போகாமல் இருக்க முடியாது. கிளம்பும்போது என்னை நிறுத்திவைத்துச் சொன்னாள்:

"காலையில எந்திச்சதும் செம்புல மோந்து தெளிங்க. மறக்காம. இலை காயப்பிடாது. நான் வரும்போது இதுவும் செத்துக் கெடந்தா, நேரே மும்தாஜ் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"சரி, சரி. போயிட்டு வா."

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் அந்த மோட்டார் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. அதன் சுவிட்சை முதலில் அமர்த்தினேன். வாய்க்காலில் மீனுக்கு எவன் மோட்டார் வைத்தான்? அப்புறம் செம்பைப் பார்த்தேன். தண்ணீரில் மிதக்கிற செடிக்கு மேலே தண்ணீர் தெளிக்க நான் என்ன கோட்டியா? தீனி மட்டும் போட்டேன். செடி சாகத்தான் போகிறது, அவளிடம் மணிராஜ் சுவரைக் காரணம் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சாகவில்லை.

ஓரம் பழுத்த இலை தனியாகக் கழன்றுபோனது. பக்கத்தில் புதிதாக ஒரு சோடி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வளையம் நிறைய ஆரம்பித்தது. இலைமேல் கை வைத்துப் பார்த்தேன், புதுக் கோரம்பாய் மாதிரி உலர்ந்து சொரசொரவென்று இருந்தது. ஆண் மீன் வளையத்துக்குக் கீழே வந்து மீசையால் தடவித் தடவிப் பார்த்தது, வீடு பார்க்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. சாயங்காலம் நுரை விட்டது. விடிந்து பார்த்தால் நுரை அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு நான் டீக்கடைக்குப் போகவில்லை. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சும்மாதான். மத்தியானத்துக்கு மேல் ஆண் மீன் பெண்ணை நுரைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய், உடம்பை வளைத்து அதைக் கட்டிப்பிடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனுசன் முன்னாலேயா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் ரவை ரவையாக முட்டை, இது கவ்விக் கவ்வி நுரையில் ஒட்டுகிறது. எல்லாம் முடிந்ததும், அந்தப் பெண்ணை விரட்டி விரட்டி முட்டுகிறது.

ஜாபேசுக்குப் போன் போட்டேன். நானாகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"லே, இவன் கட்டின பொண்டாட்டியை அடிக்கான்."

"அப்போ முட்டை விட்டாச்சா? பெண்ணைப் பைய எடுத்து வேற தண்ணியில விடுங்க அண்ணாச்சி. இனி அவன் பாத்துக்கிடுவான்."

"மோட்டாரு?"

"மோட்டாரைப் போட்றாதீங்க. கூடு கலைஞ்சிரும்."

"நான் எப்போ போட்டேன்?" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுக்களையிலிருந்து மாவு சலிக்கிற சல்லடையை எடுத்து, பெண்ணை அள்ளிக் குளிக்கிற வாளியில் விட்டேன். அன்றைக்கு நான் குளிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தனலட்சுமி வந்தபோது கையில் கொடைக்கடையில் வாங்கின கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். காலைக் கழுவிவிட்டு நேரே தொட்டிக்குத்தான் போனாள். குனிந்தாள். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாள். நுரைக்குக் கீழே சீரகத்தைவிடச் சின்னதாக, கண் மட்டும் கறுப்பாக, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எத்தனையோ குஞ்சுகள் தொங்கின. ஒன்று கீழே விழுந்தால் அப்பன்காரன் ஓடிப்போய் வாயில் கவ்வித் திரும்ப மேலே ஒட்டுவான்.

"இங்க பாருங்களேன்," என்றாள், நான் என்னமோ பார்க்காதவன் மாதிரி. சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள், திரும்பச் சிரிக்கிறாள். "நல்லாத்தான் தெளிச்சிருக்கீங்க."

நான் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அவள் கை பழக்கத்தில் செம்புக்குப் போனது. எடுத்தவள் அப்படியே நின்றாள். செம்பின் வாயில் எட்டுக்கால் பூச்சி வலை கட்டி, நடுவில் உட்கார்ந்திருந்தது.

"தெளிக்கவே இல்லையா நீங்க?"

"இல்ல."

"ஒருநாள்கூட?"

"தண்ணிக்குத் தண்ணி தெளிக்கச் சொல்லுதே. நான் அதைச் செய்வேனா?"

அவள் செடியைப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், இருமல் வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். வரவில்லை. செம்பை வலையோடு அப்படியே கொண்டுபோய் மச்சில் வைத்தாள். சொளவையும் எடுத்தாள். போச்சு, மும்தாஜ் வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். அதில் மிட்டாயைக் கொட்டிப் பரப்பி, தெருவுக்குக் கொடுக்கக் கிளம்பினாள்.

சற்று நேரத்தில் பட்டாசலில் நிற்க இடம் இல்லை. மும்தாஜ் பேகம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தனம் இல்லாத நேரத்துல நீங்கதான் பேறுகாலம் பாத்தீங்களாமே அண்ணாச்சி. எங்க மருமவளுக்கும் மாசம் ஆகுது. வாறீங்களா?"

பெண்கள் எல்லாம் ஒரே சிரிப்பு. எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. தனலட்சுமி குஞ்சு பெரிதானதும் யார் யாருக்கு எத்தனை சோடி என்று பங்கு வைக்க ஆரம்பித்துவிட்டாள். மும்தாஜ், "பீடிக்கு வாறேன்னியே?" என்று கேட்டதற்கு, "எனக்கு எங்கட்டி நேரம்?" என்றாள்.

ஜாபேசும் கடையைச் சாத்திவிட்டு வந்தான். தொட்டியைப் பார்த்தான், செம்புக் கதையைக் கேட்டான், தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அதான் அண்ணாச்சி. இருட்டு மட்டும் இல்ல. இலை மேல ஈரம் நின்னா இது அழுகிரும். அம்மா தெளிச்சது பாதி, மோட்டார் தெறிச்சது பாதி. நீங்க ரெண்டையும் நிறுத்தினீங்க, பொழைச்சிட்டு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ தெரிந்து செய்தவன் மாதிரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஈரத்துலயா அழுகும்? ஐப்பசியில வாய்க்கால் மேல மழை கொட்டுதுல்லா? ராத்திரி பகலா கொட்டுது. அமலைச் செடி அழுகுதா?"

"மழைக்குப் பொறவு வெயில் வந்து காயவச்சிருது அண்ணாச்சி. உங்க பட்டாசல்ல எங்கன வெயிலு?"

"அப்போ சுவருதான் காரணம்."

"சுவரும்தான். தண்ணியும்தான்."

இப்படி இரண்டு பக்கமும் பேசுகிறவனிடம் என்ன சொல்ல? பெண்கள் தலையை ஆட்டுகிறார்கள். தனலட்சுமி அவனுக்கு மிட்டாயை எடுத்துக் கொடுத்து, "அவரு ஒத்துக்கிட மாட்டாரு, நீங்க சாப்பிடுங்க," என்கிறாள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முடுக்கில் மணிராஜ் ஏணி வைத்து, தானே வாளியோடு நின்று வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இனி செடி பொழைச்சிக்கிடும்லா?"

அது ஏற்கெனவே பிழைத்துவிட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல. நானும் சொல்லவில்லை.

"ரெண்டு தடவை அடி," என்றேன்.

பின்னால் வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. நேற்று ராத்திரி நல்ல மழை. காலையிலிருந்து மூட்டம், வெயில் தலைகாட்டவில்லை. வாய்க்கால் பக்கமாக நடந்தேன், அமலை மேல் தண்ணீர் நின்றால் என்ன ஆகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று. ஒன்றுகூட அழுகியிருக்காது.